கை பழகினால் போதுமா? மரம் வீழ்த்தும் தொழிலும் பயிற்சியை மறுக்கும் நம்பிக்கையும்

மரம் வெட்டுவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்பது தமிழ்நாட்டில் விடை தேடிக் கேட்கப்படும் கேள்வி அன்று. விடை முன்பே முடிவாகிவிட்டது என்ற துணிவோடு சொல்லப்படும் கூற்று. நாலு மரம் வெட்டியவனுக்கு ஐந்தாவது மரம் தானே வசப்படும், கை பழகப் பழகக் கருவியும் பழகிவிடும், மேஸ்திரிக்குப் பின்னால் ஓர் ஆண்டு நின்றால் தொழில் முழுவதும் வந்துவிடும் என்று மர வியாபாரியும் தோப்பு உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் நம்புகிறார்கள். தொழிலாளியும் அதையே நம்புகிறார். சங்கிலி ரம்பம், அதாவது பேச்சுவழக்கில் ‘செயின்சா’ என்றும் ‘மரம் அறுக்கும் மெஷின்’ என்றும் வழங்கும் கருவி, ஊர்தோறும் பரவிவிட்ட இந்நாளில் இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும் நம்பிக்கையாகிவிட்டது. அனுபவம் மதிப்பற்றது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. மரம் வீழ்த்தும் தொழிலில் அனுபவம் மட்டும் தனித்து நிற்கும்போது அது சரியானதைப் போலவே தவறானதையும் உறுதிப்படுத்திவிடுகிறது என்பதும், அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் முறையான பயிற்சிக்கே உண்டு என்பதும்தான் இங்கு நிறுவப்பட வேண்டியவை.

இந்த நம்பிக்கை வெளிப்பார்வைக்கு உழைப்பாளியின் கைத்திறனைப் போற்றுவதுபோல் தோன்றினும், அதன் அடியில் இருப்பது உடலுழைப்பில் அறிவுக்கு வேலையில்லை என்ற பழைய இழிவெண்ணமே ஆகும். மகிழுந்து ஓட்டுபவருக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதையும், வீட்டுக்கு மின்கம்பி இழுப்பவருக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்பதையும் எவரும் மறுப்பதில்லை. ஆனால் நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் பற்களைக் கையில் ஏந்தி, பல டன் எடையுள்ள ஒரு பொருளைத் தான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கீழே விழச் செய்பவருக்கு எந்தக் கல்வியும் தேவையில்லை என்று அதே சமூகம் கருதுகிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் தொழிலில் ஆபத்துக் குறைவாக இருப்பதன்று. அதைச் செய்பவர் பெரும்பாலும் தினக்கூலியாக இருப்பதுதான்.

கருவியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் அறுப்பு இயந்திரத்தையும், 1929இல் பெட்ரோலால் இயங்கும் மரம் வீழ்த்தும் இயந்திரத்தையும் உருவாக்கினார். இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்த அந்தக் கனத்த பொறி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஒருவர் கையாளும் கருவியாகச் சுருங்கியது. இன்றைய ரம்பத்தில் நீண்ட உலோகத் தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிறது. சங்கிலியின் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால், அந்தப் பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை வரையறுக்கும் சிறு மேடு ஒன்று உண்டு. தகட்டு நுனியின் மேற்பாதி மரத்திலோ கிளையிலோ பட்டால், வெட்ட முடியாமல் சிக்கும் பல்லின் விசை முழுவதும் திரும்பி, ரம்பம் மேல்நோக்கியும் இயக்குபவரின் முகம், கழுத்து, தோள் ஆகியவற்றை நோக்கியும் எகிறுகிறது. பின்னுதைப்பு எனப்படும் இந்நிகழ்வு ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். எதிர்பாராத ஒன்றுக்கு மனிதர் எதிர்வினை ஆற்றுவதற்கோ ஏறத்தாழ கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடிக்குள் 5 மீட்டர் நீளச் சங்கிலி ஓடிவிடும். ஆகவே பின்னுதைப்பைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அனுபவசாலி நினைப்பது உடலியலுக்கே பொருந்தாத எண்ணம். அதைச் சமாளிக்க முடியாது. நிற்கும் நிலை, பிடிக்கும் முறை, தகட்டின் நுனி எங்கிருக்கிறது என்ற இடைவிடாத கவனம் ஆகியவற்றால் அது நிகழாமல் தடுக்க மட்டுமே முடியும். இடது கையின் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும், உடல் சங்கிலியின் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும், ரம்பத்தைத் தோளுக்கு மேலே உயர்த்தி வெட்டக் கூடாது என்பன போன்ற விதிகள் யாவும் இந்தக் கால் நொடிக் கணக்கிலிருந்து பிறந்தவை.

கருவியைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் மரத்தை வீழ்த்தத் தெரிந்துவிட்டது என்று கொள்வது அடுத்த பிழை. அரை மீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு தண்டின் கன அளவு ஏறத்தாழ 2 கன மீட்டர். பச்சை மரத்தின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் என்று கொண்டால், கிளைகளைச் சேர்க்காமலே 2 டன் எடை மேலே நிற்கிறது. இந்த எடை விழும் திசையைத் தீர்மானிப்பது கயிறோ கூச்சலோ அன்று, அடிமரத்தில் வெட்டாமல் விடப்படும் ஒரு மெல்லிய மரப்பகுதியாகும். மரம் சாய வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் முதலில் எடுக்கப்படுவது முன்வெட்டு. அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவது பின்வெட்டு. இரண்டுக்கும் இடையே வெட்டாமல் விடப்படும் பகுதி கீல். கதவை நிலையோடு பிணைத்துத் திருப்பும் கீலைப் போல, விழும் மரத்தை அடிக்கட்டையோடு பிணைத்துக் குறித்த திசையில் மடியச் செய்வது இதுவே. பயிற்சி நூல்களில் பரவலாகக் காணப்படும் விதிப்படி கீலின் தடிமன் மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன் நீளம் விட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கும் இருக்க வேண்டும். அரை மீட்டர் மரத்துக்கு முறையே 5 சென்டிமீட்டரும் 40 சென்டிமீட்டரும் ஆகும். கீல் மிகத் தடித்திருந்தால் மரம் பிளக்கும் அல்லது சாய மறுக்கும்; மிக மெலிந்திருந்தாலும் முற்றிலும் அறுபட்டுப் போனாலும் மரம் எத்திசையிலும் விழும். முன்வெட்டின் மேல்கோடும் கீழ்கோடும் துல்லியமாகச் சந்திக்காமல் ஒன்று மற்றொன்றைக் கடந்து சென்றால், மரம் பாதி சாய்வதற்குள் அந்தச் சிறு இடைவெளி மூடிக்கொண்டு கீலைக் காலத்துக்கு முன்பே முறித்துவிடும்.

இவை எல்லாம் நேராக நிற்கும் நல்ல மரத்துக்குரிய விதிகள். தோட்டத்திலும் தெருவிலும் நிற்கும் மரம் அப்படி இருப்பது அரிது. ஒரு பக்கமாகக் கனத்துச் சாய்ந்த மரத்தை அதன் சாய்வுத் திசையிலேயே வழக்கம்போலப் பின்னிருந்து அறுத்தால், அறுப்பு முடியுமுன் தண்டு நெடுக்குவாக்கில் பிளந்து, பின்புறப் பாதி மேலெழுந்து அறுப்பவரின் மார்புக்கோ தலைக்கோ பாயக்கூடும். அத்தகைய மரத்துக்கு நடுவில் துளைத்து அறுத்து, கீலை முதலில் அமைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் சிறிது மரத்தைப் பிடிப்பாக விட்டு, இறுதியில் அதை மட்டும் துண்டிக்கும் வேறொரு முறை உண்டு. உலர்ந்து தொங்கும் கிளை ரம்பத்தின் அதிர்விலேயே கழன்று விழும். பக்கத்து மரத்தில் சிக்கிச் சாய்ந்து நிற்கும் மரத்தின் அடியில் புகுந்து அறுப்பது இத்தொழிலின் மிகக் கொடிய செயல்களில் ஒன்று. தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் வலுவான நார்கள் தண்டின் வெளிச்சுற்றில் செறிந்தும் உட்பகுதி மென்மையாகவும் இருப்பதால், வேம்பிலோ புளியிலோ கண்ட கீலின் நடத்தையை அவற்றில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. வேம்பு வெட்டிப் பழகிய கை தென்னைக்கு அடியில் தன்னம்பிக்கையோடு நிற்பதுதான் அங்கே ஆபத்து. இவற்றோடு மின்கம்பி, சுவர், சாலை, வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டம் ஆகியவையும் சேரும்போது, வெட்டத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய சிந்தனை வெட்டும் வேலையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

நாளும் மரத்தோடு புழங்குபவர் இந்தச் சிந்தனையை அனுபவத்தாலேயே பெற்றுவிட மாட்டாரா என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. இதற்கு விடை அனுபவம் எவ்வாறு கற்பிக்கிறது என்பதில் இருக்கிறது. உளவியல் அறிஞர்களான டேனியல் கானிமனும் கேரி கிளைனும் 2009இல் இணைந்து எழுதிய ஆய்வுரையில், பழக்கத்தால் வரும் உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகளை வகுத்தனர். சூழல் போதிய ஒழுங்குடையதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. செய்த செயல் சரியா தவறா என்பதை அறியத் தெளிவான பின்விளைவு உடனுக்குடன் கிடைத்து, அதிலிருந்து கற்க வாய்ப்பும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. மரம் வீழ்த்தும் தொழிலின் பாதுகாப்பில் இரண்டாவது நிபந்தனை நிறைவேறுவதில்லை. தவறாக வெட்டப்பட்ட மரமும் பெரும்பாலான நேரங்களில் விழ வேண்டிய இடத்திலேயே விழுந்துவிடுகிறது. வெட்டியவர் தம் முறை சரியானது என்று கற்றுக்கொள்கிறார். ஒரு பேச்சுக்கு, ஒரு குறுக்குவழி ஆயிரம் மரங்களுக்கு ஒரு முறை உயிரைப் பறிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்பற்றிப் பத்துப் பேர் ஆளுக்கு 200 மரங்களை வெட்டினால், ஏறத்தாழ எட்டுப் பேருக்கு எதுவும் நேராது. அந்த எட்டுப் பேரும் இருநூறு முறை சோதித்து உறுதிப்படுத்திய முறை என்று அதையே இளையவர்களுக்குக் கற்பிப்பார்கள். இறந்தவர் கற்பிக்க வருவதில்லை. பிழைத்தவர்களின் சாட்சியம் மட்டுமே பாடமாகத் திரளும் இந்த ஏற்பாட்டில் ஆபத்தான பழக்கம் மரபு என்ற பெயரையும் மரியாதையையும் பெற்றுவிடுகிறது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சங்கிலியை அரம் போட்டுத் தீட்டும் வேலையிலேயே கிடைக்கிறது. வெட்டுப் பல்லுக்கு முன்னுள்ள ஆழ வரம்பு மேட்டை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கூடுதலாகக் கவ்வும். ரம்பம் முன்னைவிட வேகமாக அறுப்பதுபோல் தோன்றும். அனுபவம் அந்தச் செயலை உடனே பாராட்டுகிறது. ஆனால் அதே தேய்ப்புதான் பின்னுதைப்பின் வாய்ப்பையும் வலிமையையும் கூட்டுகிறது, அதிர்வையும் மிகுவிக்கிறது. பலன் இன்றே கிடைக்கிறது, தண்டனை என்றோ ஒரு நாள் வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை எந்தக் கையும் தானாக உணர்ந்துவிடாது. பல இடங்களில் பல ஆண்டுகளாக நிகழ்ந்த விபத்துகளைத் தொகுத்து, காரணத்தை ஆராய்ந்து, அளவுமானியோடு கற்பிக்கும் பயிற்சியால்தான் அது புலப்படும். பயிற்சி என்பது அனுபவத்துக்கு எதிரானதன்று என்பதும் இதனால் விளங்கும். ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே முறை சந்திக்கக்கூடிய, அதுவும் இறுதியாகச் சந்திக்கக்கூடிய நிகழ்வைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் பெற்ற அனுபவத்தைத் திரட்டி அவருக்கு முன்கூட்டியே தருவதுதான் பயிற்சி.

கோடரியும் கைரம்பமும் கொண்டு தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டியவர்களுக்கு எந்தச் சான்றிதழும் இருக்கவில்லையே என்ற வாதமும் எழுப்பப்படுகிறது. அவர்கள் காட்டையும் மரத்தையும் ஆழ அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள் வளர்ந்தது. கோடரியால் மெல்ல மெல்ல வெட்டும்போது மரம் நொறுங்கும் ஒலியையும், மேலே கிளைகள் அசைவதையும், வெட்டுவாய் விரிவதையும் கவனிக்க நேரமும் அமைதியும் இருந்தன. இயந்திர ரம்பமோ அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டதோடு, 100 டெசிபெலைத் தாண்டும் தன் இரைச்சலால் மரத்தின் எச்சரிக்கை ஒலியையும் மூடிவிடுகிறது. முன்னோரின் பழக்கம் எந்த அறிகுறிகளைச் சார்ந்திருந்ததோ அவற்றையே அழித்துவிட்ட கருவிக்கு அந்தப் பழக்கமே போதும் என்பது மரபைப் போற்றுவதாகாது. மேலும், நெடுநாள் அதிர்வால் விரல்களின் இரத்த ஓட்டம் குன்றி அவை வெளுத்து மரத்துப்போகும் நோயும், மீளாத செவிட்டுத்தன்மையும் கோடரி அறியாதவை. இவை மெல்ல வருவதால், வந்த பின்பே அனுபவத்துக்குத் தெரியவரும்.

புயலுக்குப் பிந்தைய நாள்கள் இந்த நம்பிக்கையின் ஆபத்தை முழுமையாக வெளிப்படுத்துகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையின் தெருமரங்களை வீழ்த்தியது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது. இத்தகைய வேளைகளில் ரம்பம் வைத்திருப்பவர் எல்லாரும் மரம் அறுப்பவராகிவிடுகிறார். சாலையைத் திறக்க வேண்டும், மின்சாரம் வர வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. விழுந்துவிட்ட மரத்தில் இனி என்ன ஆபத்து என்ற எண்ணமே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. வளைந்து கிடக்கும் தண்டின் ஒரு பக்க நார்கள் இழுபட்டும் மறுபக்க நார்கள் அமுக்கப்பட்டும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக அறுத்தால் தண்டு வெடித்துப் பாயும், அமுக்கப்பட்ட பக்கத்தை அளவுக்கு மீறி அறுத்தால் தகடு சிக்கிக்கொள்ளும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்துவிட்டால், அதுவரை அதன் எடையால் தாங்கப்பட்டிருந்த வேர்மண் திரள் மீண்டும் குழிக்குள் சாயும். அங்கே நிற்பவரையும் அது மூடிவிடும். காட்டுத் தொழிலில் நெடிய மரபுடைய சுவீடனிலேயே, 2005 ஜனவரியில் குட்ருன் புயல் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தை வீழ்த்தியபோது, புயலில் இறந்தவர்களுக்கு மேலாக, விழுந்த மரங்களை அகற்றும் வேலையிலும் பலர் மாண்டனர்.

பிற நாடுகள் இந்தப் பாடத்தை எளிதில் கற்றுவிடவில்லை. சடலங்களை எண்ணிய பின்பே கற்றன. அமெரிக்காவில் மரம் வெட்டுவோரின் தொழில்சார் இறப்பு விகிதம் 2022இல் ஒரு லட்சம் பேருக்கு 100ஐத் தாண்டியிருந்தது. எல்லாத் தொழில்களையும் சேர்த்த விகிதம் 3.7 மட்டுமே. அந்நாட்டின் தொழில்பாதுகாப்பு நிர்வாகம் 1994இல் வெளியிட்ட மரவெட்டுத் தொழில் விதிமுறை, ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளியே பயிற்சி தர வேண்டும் என்றும், ஒருவர் மரம் வீழ்த்தும் இடத்துக்கும் அடுத்தவர் வேலை செய்யும் இடத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மர உயரத் தொலைவு இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பிரிட்டனில் வேலைக்கருவிகள் குறித்த 1998ஆம் ஆண்டு விதிமுறைகளும் அவற்றை ஒட்டிய நடைமுறைத் தொகுப்பும், மரங்களில் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தும் தொழிலாளர்க்குத் தகுதிச் சான்றை எதிர்பார்க்கின்றன. அங்குள்ள பயிற்சி படிப்படியாக அமைந்தது: முதலில் ரம்பத்தின் பராமரிப்பும் கிடக்கும் மரத்தைத் துண்டிப்பதும், அதன்பின் 380 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சிறிய மரங்களை வீழ்த்துவது, அதற்கும் பின்பே பெரிய மரங்கள் என்று ஒவ்வொரு படிக்கும் தனித் தேர்வு உண்டு. சுவீடனின் 2012ஆம் ஆண்டு விதிமுறை, தொழிலில் சங்கிலி ரம்பத்தைக் கையாள்வோர் கோட்பாட்டறிவையும் செய்முறையறிவையும் தேர்வில் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. காட்டோடு பிறந்து வளர்ந்த மக்களைக் கொண்ட நாடே பிறவி அனுபவத்தைப் போதாது என்று முடிவுசெய்த பின்னர், நகரத் தெருவில் மரம் அறுப்பவருக்கு அது போதும் என்று இங்கே வாதிடுவதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

நவீன ரம்பத்திலேயே பாதுகாப்பு எல்லாம் பொருத்தப்பட்டிருக்கிறது, கவசமும் அணிந்துகொண்டால் போதும் என்போரும் உளர். 1970களில் பரவிய சங்கிலித் தடுப்பு, அதாவது பின்னுதைப்பின்போது சங்கிலியை நிறுத்தும் பொறி, எண்ணற்றோரைக் காத்தது உண்மை. ஆனால் அது செயல்படுகிறதா என்று வேலைக்கு முன் சோதிக்கத் தெரியாதவரின் கையில் அது வெறும் நெகிழித் தகடு. ரம்பக் காற்சட்டையின் உள்ளே அடுக்கப்பட்ட நீண்ட இழைகள் சங்கிலியின் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்துகின்றன. ஐரோப்பியத் தரநிலைகளின்படி அவை நொடிக்கு 20, 24, 28 மீட்டர் எனச் சங்கிலி வேகத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்டுள்ளன. கைலியோடும் ரப்பர் செருப்போடும் ரம்பம் பிடிக்கும் இந்நாட்டுத் தொழிலாளிக்கு அத்தகைய கவசம் கிடைக்கச் செய்வது கட்டாயக் கடமை. எனினும், இழை சங்கிலியை நிறுத்துமே தவிர 2 டன் தண்டை நிறுத்தாது. தலைக்கவசம் சிறு கிளையைத் தாங்குமே தவிர முழு மரத்தைத் தாங்காது. கவசம் கடைசி அரண். அதற்கு முன்னுள்ள அரண்கள் எல்லாம் தலைக்குள் இருக்கும் அறிவால் ஆனவை.

பயிற்சி பெற்றவரும் இறக்கிறார்களே என்ற மறுப்பும் நேர்மையாக எதிர்கொள்ளப்பட வேண்டியது. நியூசிலாந்தில் 2013ஆம் ஆண்டில் மட்டும் காட்டுத் தொழிலில் 10 பேர் இறந்தனர். அதையொட்டி 2014இல் அறிக்கை தந்த சுயேச்சையான மறுஆய்வுக் குழு, பயிற்சியின் தரத்தை மட்டுமன்றி, ஒப்பந்த முறையின் அழுத்தம், களைப்பு, மேற்பார்வைக் குறைவு ஆகியவற்றையும் காரணங்களாக ஆராய்ந்தது. இதிலிருந்து பெறப்படும் முடிவு பயிற்சி வீண் என்பதன்று. காகிதச் சான்றோடு நின்றுவிடும் பயிற்சியும், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவசரப்படுத்தும் ஒப்பந்தமும் சேர்ந்தால் எந்த அறிவும் தோற்கும் என்பதே. முறையான பயிற்சியின் முதன்மையான பயன்களில் ஒன்று, ஒரு மரத்தை இப்படி வெட்ட முடியாது என்று மறுக்கும் துணிவையும் அதற்கான காரணத்தை எடுத்துச்சொல்லும் மொழியையும் தொழிலாளிக்குத் தருவதாகும். மறுப்பதற்குத் தகுதி இல்லாதவர் என்று கருதப்படுபவரின் மறுப்பை எந்த ஒப்பந்ததாரரும் செவிமடுப்பதில்லை.

ஏழைத் தொழிலாளி நாள்கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு எப்படிப் போவார், எழுதப் படிக்கத் தெரியாதவர் தேர்வை எப்படி எழுதுவார், சான்றிதழ் என்றாலே அது இன்னொரு கையூட்டு வாசலாகாதா என்பவை உண்மையான கவலைகள். ஆனால் இவை பயிற்சி கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல, அதை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான நிபந்தனைகள். தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு, பல ஆண்டுகள் மின்கம்பி வேலையில் அனுபவம் பெற்றவர்களை ஏற்று, அவர்களின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கிறது; அங்கே அனுபவம் தேர்வுக்கு மாற்றாக நிற்கவில்லை, தேர்வு எழுதும் தகுதியாக நிற்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ திட்டம் இன்னும் நெருக்கமான சான்று. தென்னை ஏறுவது குலத்தொழிலாக மட்டுமே வரும், அதை வகுப்பில் கற்பிக்க முடியாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஏறும் கருவியோடு சில நாள் பயிற்சியும் காப்பீடும் தந்தபோது, அதற்கு முன் மரமே ஏறியிராத இளைஞர்களும் பெண்களும் அத்தொழிலைக் கற்றனர். ஏறுவதைக் கற்பிக்க முடியும் என்று நிறுவிய பின்னும் வீழ்த்துவதைக் கற்பிக்க முடியாது என்பது எப்படிப் பொருந்தும்?

சட்டத்தின் பார்வையும் திருத்தப்பட வேண்டியதாகவே இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் போன்றவை எந்த மரத்தை, யாருடைய அனுமதியோடு வெட்டலாம் என்று கேட்கின்றன. பிலிப்பைன்ஸ் 2002இல் சங்கிலி ரம்பத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதன் நோக்கமும் காட்டைத் திருட்டு வெட்டிலிருந்து காப்பதே. மரத்தைக் காக்கும் இச்சட்டங்கள் தேவையானவை, பாராட்டுக்குரியவை. ஆயினும் மரத்துக்கு அனுமதி கேட்கும் அரசு, அதை வெட்டும் மனிதருக்குத் தெரிய வேண்டியது தெரியுமா என்று கேளாமலிருப்பது அறத்துக்கு ஒவ்வாது. இன்று ஒருவர் கடையில் பணம் கொடுத்து ரம்பத்தை வாங்கி அன்று மாலையே தெருமரத்தின் அடியில் நிற்க முடிகிறது என்றால், அந்த வாய்ப்பைத் திறந்துவைத்திருக்கும் சமூகமும் நிகழப்போகும் விபத்தில் பங்கு ஏற்கிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவோ புதிய கண்டுபிடிப்போ வேண்டாதவை. மாநகராட்சிகள், நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், காகித ஆலைகள், தேயிலைத் தோட்டங்கள் ஆகியவை மரம் வெட்டும் ஒப்பந்தங்களில் பயிற்சி பெற்றவரே ரம்பம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து, அதற்கான நாள்கூலியையும் கவசச் செலவையும் ஒப்பந்தத் தொகையிலேயே கணக்கிட வேண்டும். ஆபத்தால் பயன் பெறுபவரே பாதுகாப்பின் செலவையும் ஏற்பது நியாயம். தொழிற்பயிற்சி நிலையங்களும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் குறுகிய காலப் பாடங்களைத் தமிழில், வாய்மொழித் தேர்வோடும் களத்தில் நேரடிச் செய்முறைத் தேர்வோடும் நடத்தலாம். முதல் படியில் ரம்பத்தின் பராமரிப்பும் துண்டிப்பும், இரண்டாம் படியில் சிறு மரமும், மூன்றாம் படியில் தென்னை, பனை, புயலில் விழுந்த மரம் ஆகியவையும் என்று இந்நாட்டு மரங்களுக்கும் தேவைக்கும் ஏற்ப அவற்றை வகுக்க வேண்டும். கைதேர்ந்த மேஸ்திரிகளை மாணவராக மட்டும் அழைக்காமல் பயிற்றுநராகவும் ஆக்கினால் அவர்களின் மரவறிவும் ஆய்வறிவும் ஒன்றுசேரும். பேரிடர்ப் பணிக்கு அழைக்கத்தக்க பயிற்சி பெற்றோரின் பட்டியலைப் புயல் காலத்துக்கு முன்பே மாவட்டந்தோறும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். படக்காட்சிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற புதிய நம்பிக்கைக்கும் இங்கே இடமில்லை. கற்பவரின் கால் எங்கே நிற்கிறது, கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்த எந்தப் படக்காட்சியாலும் இயலாது.

மரம் வெட்டுபவருக்குப் படிப்பு எதற்கு என்ற நம்பிக்கை கைவிடப்பட வேண்டும். அது பொய் என்பதால் மட்டுமன்று, அநீதி என்பதாலும். அந்த நம்பிக்கை நிலவும் வரை ஒவ்வொரு சாவும் விதி என்றோ கவனக்குறைவு என்றோ இறந்தவர் மீதே சுமத்தப்படும். கற்றுக்கொடுக்காதவர் எவரும் பொறுப்பேற்க வேண்டியிராது. ஒரு தொழிலைக் கற்பிக்கத்தக்கது என்று ஏற்றுக்கொள்வது, அதில் நேரும் விபத்துகளைத் தடுக்கத்தக்கவை என்று ஏற்றுக்கொள்வதாகும். அதைச் செய்பவரை அறிவுடைய தொழிலாளராக மதிப்பதுமாகும். அந்த மதிப்பையும் பாதுகாப்பையும் சேர்த்தே தருவது முறையான பயிற்சி; அதைக் கோருவது தொழிலாளியின் உரிமை, தருவது அவரைக் கொண்டு வேலை வாங்குவோர் அனைவரின் கடன்.